கழற்றிப் பார்த்தவர்கள்: கோவைப் பட்டறைகளில் புதுமை நடந்த விதம்

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நின்ற இடத்தில் நிற்கும், கல் சுற்றும். தினமும் பார்த்துப் பழகிவிட்டதால் இது நமக்கு விசேஷமாகத் தெரிவதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே விதமாகச் செய்துவந்த ஒரு வேலையை யாரோ தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் திருப்ப வேண்டி வந்தது என்பது யோசித்தால் புரிகிறது. கையால் ஆட்டும்போது குழவி மூன்று வேலை செய்கிறது. குழிக்குள் வட்டமடிக்கிறது, தன்னைத்தானே உருட்டிக்கொள்கிறது, அரிசி அடியில் சிக்கினால் கொஞ்சம் எழும்பியும் கொடுக்கிறது. இந்த மூன்றையும் ஒரு மோட்டாரை வைத்துச் செய்யச் சொன்னால் பல்சக்கரம், லிவர் என்று பெரிய கூத்தாகிவிடும். கல்லைச் சுற்றவிட்டு, குழவியை ஒரு பிடியில் தளர்வாக மாட்டிவிட்டால் மூன்றும் தானாக நடக்கும். கைக்குக் கல் கனம். மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கல் கொத்தும் வேலையும் மோட்டார் வேலையும் இரண்டுமே கண்ணெதிரில் நடக்கும் ஊரில்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு மாவை வழிக்க வசதியாகச் சாய்க்கும் கிரைண்டர் வந்தது, பிறகு குழவிக்குப் பதிலாக இரண்டு மூன்று கூம்பு உருளைகள் வைத்த டேபிள் டாப் வந்தது. இன்றைக்கு கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்தப் பிந்தைய மாற்றங்களை ஊர் முழுக்க எத்தனையோ பட்டறைகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து சேர்த்தன. இவர்களில் யாரையும் கூப்பிட்டு "கிரியேட்டிவா யோசிங்க" என்று யாரும் சொன்னதில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஹேக்கத்தான், இன்னோவேஷன் வீக், சுவர் முழுக்க மஞ்சள் காகிதம். இரண்டு நாள் கழித்து எல்லாரும் பழைய டிக்கெட்டுக்குத் திரும்பிவிடுவோம். அதனாலேயே எனக்கு இந்தக் கேள்வி பல வருடமாக உண்டு: வேலை செய்யும் இடத்தில் புதிதாக ஒன்று பிறப்பதற்கு உண்மையில் என்ன தேவைப்படுகிறது? வெளிநாட்டுப் புத்தகங்களில் பதில்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 1898லேயே தொழிலாளர் யோசனைத் திட்டம் கொண்டுவந்தது. 3எம் கம்பெனி 1948 முதல் 15 சதவீத நேரத்தைச் சொந்த யோசனைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. டொயோட்டா 1951இல் தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் பக்கத்தில் டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, கடைநிலைத் தொழிலாளி வரைக்கும் தர மேம்பாட்டில் இழுத்துப்போட்டு, 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. எல்லாம் நல்ல உதாரணங்கள்தான். ஆனால் எல்லாமே ஒரு பெரிய நிர்வாகம் மேலே இருந்து திறந்துவிட்ட கதவு. கோவையில் நடந்தது வேறு. அங்கே அந்தக் கதவே கிடையாது, சந்துதான் இருந்தது.

மெஷின் கப்பலில் வந்த காலம்

கோவையின் முதல் பெரிய நூற்பாலை, ஊரில் ஸ்டேன்ஸ் மில் என்று சொல்லும் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில், 1888இல் வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. அந்த மில்களின் மெஷின்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ஒரு ஸ்பிண்டில் உடைந்தால், ஒரு பல்சக்கரம் தேய்ந்தால், கடிதம் போட்டு, பார்சல் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். இரண்டாம் உலகப்போரில் அதுவும் நின்றது. அதுவரை மெஷின் சும்மா கிடக்க முடியுமா? பக்கத்தில் இருக்கும் லேத்துப் பட்டறைக்கு உடைந்த துண்டு போகும். "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்பதுதான் கோவையின் முதல் டிசைன் ஸ்பெசிஃபிகேஷன்.

இதே மாதிரி ஒன்று செய்யப் போகிறவன் அதை அளக்க வேண்டும். அளந்தால், ஏன் இந்த இடத்தில் இவ்வளவு தடிமன் என்ற கேள்வி வரும். மூன்றாவது தடவை அதே துண்டு அதே இடத்தில் உடைந்து வந்தால், அந்த இடத்தைக் கொஞ்சம் தடிப்பாக வார்த்துக் கொடுப்பான். நகல் எடுப்பதைக் கேவலமாகப் பேசுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் இது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் நகல் கிடையாது. உடைந்ததைப் பார்த்து, காரணம் புரிந்து எடுக்கும் நகல்.

பஸ் தொழிலிலும் இதே கதைதான். கலங்கல் என்ற கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. துரைசாமி நாயுடு, ஹோட்டலில் சர்வராக வேலை செய்து சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை முழுக்கக் கழற்றிப் போட்டுத் திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் இறங்கினார். சில வருடங்களில் அவருடைய யுஎம்எஸ் நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. பஸ் தொழிலில் ஒரு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வசூல் போச்சு. அதனால் பஸ் முதலாளியின் முக்கியமான சொத்து பஸ்ஸைவிட அவருடைய பட்டறைதான். கோவையின் பல எஞ்சினியரிங் கம்பெனிகளின் வேர் பஸ் ஷெட்டில் இருப்பது தற்செயல் இல்லை. செயின் செய்யும் எல்ஜிபி கூட 1937இல் பஸ் கம்பெனியாகத்தான் ஆரம்பித்தது.

அதே 1937இல், பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நடத்திய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டாரை வெளியே கொண்டுவந்தது. பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவினார். இதற்கு முன்பே, 1926இல், பீளமேட்டில் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வந்துவிட்டது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதை அறக்கட்டளைக்கு வைத்தார்கள். அந்தப் பணத்தில் வந்தது இது. இன்ஸ்டிட்யூட் என்று பெயர் இருந்தாலும் அது விற்பனைக்குச் சரக்கு செய்த தொழிற்சாலை. 1951இல் பி.எஸ்.ஜி. டெக் வந்தபோது அந்தத் தொழிற்சாலை அதே வளாகத்திலேயே இருந்தது. படிக்கிற பையன் செய்த வார்ப்பில் ஓட்டை விழுந்தால் அது மதிப்பெண் குறைவதோடு முடியாது, வாங்கியவன் திருப்பி அனுப்புவான்.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்திரிகைகள் அவரை "இந்தியாவின் எடிசன்" என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டன. எடிசனையே நாம் தப்பாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் 1876இல் மென்லோ பார்க்கில் கட்டியது ஒரு மெஷின் பட்டறை. ஜான் க்ரூசி, சார்லஸ் பேட்சிலர் மாதிரி கை தேர்ந்த மெக்கானிக்குகள் இல்லாமல் அந்தப் பேரேட்டில் பாதி இருந்திருக்காது. ஜி.டி. நாயுடுவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் ரேசர், பழரசம் பிழியும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று பட்டியல் நீளும். 1952இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகக்கூடிய ஒரு பெட்ரோல் கார் செய்தார், அரசு உரிமம் கிடைக்காமல் அது நின்றது. இவற்றில் பெரும்பாலானவை இன்றைக்குக் கண்காட்சியில்தான் இருக்கின்றன. மோட்டாரும் பம்பும் கிரைண்டரும்தான் லட்சக்கணக்கான வீட்டுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தன. உரிமச் சட்டம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. ரேசர் ஒரு மனிதரின் பொருளாகவே இருந்தது. அதை வேறு நூறு பேர் கழற்றிப் பார்த்து, உடைத்து, மலிவாக்கி, மோசமாக்கி, திரும்ப நல்லதாக்கவில்லை. மோட்டாருக்கு அது நடந்தது.

அவருடைய மிகப் பெரிய யோசனை என்று நான் நினைப்பது எந்தக் கருவியும் இல்லை. 1945இல் அவர் முயற்சியில் வந்த ஆர்தர் ஹோப் கல்லூரி (இன்றைய ஜிசிடி) பற்றிய சண்டைதான் அது. எஞ்சினியரிங் படிப்புக்கு நாலு வருடம் வீண், பட்டறையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டே வருடம் போதும் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பிரின்சிபால் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். நாலு வருடம் பிஇ படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

எரிந்த மோட்டார் சொல்லும் கதை

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கிணறு எங்கள் வாழ்க்கையில் என்ன இடம் என்பது புரியக் கொஞ்சம் கஷ்டம். இங்கே சத்தியமங்கலத்தில் பவானிசாகர் அணை 1955இல் முடிந்து வாய்க்கால் தண்ணீர் வந்த பக்கம் ஒரு உலகம். வாய்க்கால் ஏறாத மேட்டுக்காடு இன்னொரு உலகம். புளியம்பட்டி, அன்னூர் பக்கமெல்லாம் பாறையை உடைத்து இறக்கிய ஆழக் கிணறுகள். ஒரு காலத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்தார்கள். விடியக் கருக்கலில் பூட்டினால் வெயில் ஏறும் வரை மாடும் மனிதனும் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அந்த நடைக்கு மாற்றாக வந்ததுதான் பம்ப்செட்.

மேலே வைத்த பம்பு தண்ணீரை உறிஞ்சக்கூடிய உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கணக்குப்படி 33 அடி, நடைமுறையில் 20, 25 அடி. காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது, அதை ஏமாற்ற முடியாது. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்கள். அப்புறம் ஜெட் பம்பு. போர் போட ஆரம்பித்ததும் காற்றை உள்ளே அழுத்தித் தண்ணீரைக் கிளப்பும் கம்ப்ரசர். கடைசியில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிள். ஒவ்வொரு தடவை தண்ணீர் இறங்கும்போதும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சிங்காநல்லூரிலும் ஏதோ ஒரு பட்டறையில் ஒரு மாதிரி மாறியது.

சப்மெர்சிபிளில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை, எனக்கு அதுதான் இந்தக் கதையின் மையம். மேலை நாடுகளில் பரவலான ஒரு வகை மோட்டாரில் சுற்றுக்கம்பிகளை ஸ்டீல் உறைக்குள் ரெசின் ஊற்றி நிரந்தரமாக மூடிவிடுவார்கள். எரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். நம் பக்கத்து விவசாய மோட்டார் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் நிரப்பி ஓடுவது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஊசி நூல் கோப்பது மாதிரிக் கையாலேயே கோத்துச் சுற்றுவார்கள். எரிந்தால் பக்கத்து ஊர் ரீவைண்டிங் கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் கிடைத்துவிடும். அதாவது திறப்பதற்காகவே செய்யப்பட்ட மெஷின்.

இங்கே சத்தியில் ஒரு ரீவைண்டிங் கடையில் பெரியவர் ஒருவர் மோட்டாரைத் திறந்த உடனே காரணம் சொல்வார்.

"ஏனுங்ணா, பார்த்ததும் எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மூணு பேஸ்ல ரெண்டு கருகி ஒண்ணு மட்டும் புதுசாட்டம் இருந்துச்சுன்னா ஒரு பேஸ் வராமயே ஓடியிருக்குதுங் தம்பி. மூணுமே ஒரே மாதிரி கருகியிருந்தா வோல்டேஜ் பத்தல, இல்லீனா பம்பு மண்ணுல சிக்கியிருக்குது. எரிஞ்ச மோட்டார் பொய் சொல்லாதுங்."

ஸ்டார் இணைப்பில் சுற்றிய மோட்டாருக்கு அவர் சொன்னது அப்படியே பொருந்தும். எங்கள் மொழியில் சொன்னால் அந்தக் கருகிய காயில்தான் லாக் ஃபைல். அதைத் தினமும் படிக்கிற ஆள் மோட்டார் செய்கிற ஆளோடு டீ குடிக்கிற தூரத்தில் இருக்கிறார். கம்பியும் பேரிங்கும் வாங்க வாரா வாரம் கோவைக்குப் போவார். "இந்த மாடல் இப்பெல்லாம் ரொம்ப வருதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிராமத்து லைனில் வோல்டேஜ் நிற்காது. இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் வைத்து மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுகிற விவசாயிகளும் உண்டு. மின்வாரியத்துக்குப் பிடிக்காத காரியம், மோட்டாருக்கும் பிடிக்காது. ஆனால் பயிர் காயும்போது விதிமுறை பேச முடியாது. இந்த அடிகளை எல்லாம் தாங்குகிற மோட்டார்தான் இங்கே விலைபோகும் என்பது செய்கிறவனுக்குத் தெரிந்தது. சர்வே எடுத்துத் தெரிந்துகொண்டதில்லை, எரிந்து திரும்பி வந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

என் வேலையில் ஒரு பிழை என்னிடம் வந்து சேர்வதற்குள் நாலு கைமாறி, வாடிக்கையாளரின் கோபமெல்லாம் வடிகட்டப்பட்டு, "மீடியம் ப்ரியாரிட்டி" என்று ஒரு வரியாக வந்து நிற்கும். அதைப் பயன்படுத்துகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு முறை ஹேக்கத்தான் நடத்தினால் என்ன வரும்? நன்றாக இருக்கும் டெமோ வரும்.

பட்டறைகளை ஒரேயடியாகத் தூக்கி வைத்துப் பேசவும் நான் தயாரில்லை. யாருக்கு வலிக்கிறதோ அவர் பக்கம்தான் இந்த மாதிரிப் புதுமை போகும். 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். இதனால் எத்தனை குடும்பங்கள் தப்பின என்பது எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பில் வராத இடத்தில் கரண்ட் குறைவாகத் தின்னும் பம்பைக் கேட்க ஆளில்லை. மலிவாக இருக்கணும், எரியாமல் இருக்கணும், எரிந்தால் சீக்கிரம் சுற்றணும். அந்த மூன்றிலும் கோவைக்காரர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். மின்சாரம் வீணாவதும் நிலத்தடி நீர் இறங்குவதும் எந்த ஒரு வாடிக்கையாளரின் வலியாகவும் பட்டறை வாசலுக்கு வந்து நிற்கவில்லை. நட்சத்திரக் குறியீடு வந்து அரசாங்கம் அழுத்திய பிறகுதான் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அதே மாதிரி, பத்து வருடம் பொறுத்திருந்து செய்ய வேண்டிய ஆராய்ச்சி சந்தில் நடக்காது. நாளைக்கே பக்கத்துப் பட்டறை அதையே செய்யும் என்றால் யார் காசு போடுவார்கள்? 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு மெஷின் செய்ய இறங்கியபோது ஸ்விட்சர்லாந்தின் ரீட்டரோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டுத்தான் இறங்கியது. லேத்துப் பட்டறைப் புத்தியால் மட்டும் அந்தத் துல்லியத்தைத் தொட்டிருக்க முடியாது.

வெளியே போகும் உரிமை

சரி, ஒரு பட்டறையில் ஒரு ஃபிட்டருக்கு ஒரு யோசனை வருகிறது, முதலாளி "வேலையப் பாருப்பா" என்கிறார். அப்புறம் என்ன? கோவையில் இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. இரண்டு வருடத்தில் அந்த ஃபிட்டர் பழைய லேத்து ஒன்றை வாங்கித் தனியாகப் போட்டுவிடுவார். பல சமயம் பழைய முதலாளியே முதல் ஜாப் ஒர்க் கொடுப்பார். திட்டிக்கொண்டேதான் கொடுப்பார், ஆனால் கொடுப்பார்.

அமெரிக்காவில் சிலிகான் பள்ளத்தாக்கு ஜெயித்ததற்கும் பாஸ்டன் பக்கத்து ரூட் 128 பின்தங்கியதற்கும் காரணம் தேடிய அன்னாலி சாக்ஸேனியன் 1994இல் எழுதிய புத்தகத்தில் இதே சங்கதிதான் வருகிறது. மேற்கில் எஞ்சினியர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவினார்கள், தெரிந்ததைக் கூடவே எடுத்துப் போனார்கள். 1999இல் ரொனால்ட் கில்சன் என்ற சட்டப் பேராசிரியர் இதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது என்றார். வேலையை விட்டவன் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தம் கலிபோர்னியாவில் செல்லாது. அந்தச் சட்டம் 1872ஆம் வருடத்தது.

இந்த வருடத்தைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்முடைய இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872தான். அதன் 27ஆம் பிரிவு, ஒருவர் முறையான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தேடிப் போனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காக எழுதிய வரைவுச் சட்டத் தொகுப்பு. நியூயார்க் அதை வேண்டாம் என்றது. கலிபோர்னியா எடுத்துக்கொண்டது. இந்தியாவுக்குச் சட்டம் எழுதிய ஆங்கிலேயர்களும் இந்தப் பிரிவை அதிலிருந்துதான் எடுத்தார்கள். ஒரே விதை, ஒன்று பாலோ ஆல்டோவில் விழுந்தது, ஒன்று பீளமேட்டில். பீளமேட்டு ஃபிட்டர் 27ஆம் பிரிவைப் படித்துவிட்டு வெளியே போகவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் போனவரை இழுத்துவர முதலாளி கையில் சட்டம் இல்லை என்பது சின்ன விஷயமா?

1980இல் உச்ச நீதிமன்றமும் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் இந்த மாதிரித் தடை ஒப்பந்தத்தை அமல்படுத்த மறுத்தது. அப்படியிருந்தும் எங்கள் தொழிலில் பாண்டு கையெழுத்தும், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பதும் சர்வசாதாரணமாக நடந்தது. என் முதல் கம்பெனியில் என்னுடைய பிஇ சர்டிஃபிகேட் இரண்டு வருடம் அவர்கள் பீரோவில் இருந்தது. அதே கம்பெனியின் வரவேற்பறையில் புதுமையைப் பற்றி ஒரு பெரிய வாசகம் ஒட்டியிருந்தது.

வெளியே போகும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்ததா என்றால், இல்லை. திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி ஷராட் சாரி 2004இல் எழுதிய புத்தகம், கூலியாக வந்த கவுண்டர் சமூகத்து உழவர் குடும்பத்துப் பையன்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதைத் துருவிப் பார்க்கிறது. தங்கள் உயர்வுக்குக் காரணம் உழைப்புதான் என்று அவர்கள் சொன்னார்கள். உழைப்பு உண்மை. கூடவே ஜாதிக்குள் கடன் கிடைத்ததும், ஜாமீன் நிற்க மாமன் மச்சான் இருந்ததும், விற்கவோ அடகு வைக்கவோ கொஞ்சம் காடு இருந்ததும் உண்மை. கோவைப் பட்டறைகளிலும் கம்மவார் நாயுடு, கவுண்டர் குடும்பங்களின் வலைதான் முதல் போட்டது. அதே ஃபவுண்டரியில் மணல் குழைத்து, உருகிய இரும்பு ஊற்றி, அதே அளவு தொழில் தெரிந்திருந்த தலித் தொழிலாளிக்குப் பழைய லேத்து வாங்கக் கடன் கொடுத்தது யார்? யோசனை அவருக்கும் வந்திருக்கும்தானே. அது அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும். பெண்கள் கதை இதைவிட மோசம். கிரைண்டர் வந்தது அவர்கள் இடுப்பு வலிக்கு. கிரைண்டர் பட்டறையில் அவர்களுக்கு இருந்த இடம் எவ்வளவு?

இன்றைக்குக் கோவை ஃபவுண்டரிகளில் மோல்டு அடிக்கிறவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா பக்கத்துப் பையன்கள். கான்ட்ராக்டர் மூலம் வருகிறார்கள். வார்ப்பில் ஓட்டை விழுந்தால், மணலில் ஈரம் அதிகமா, காற்றுப் போக வழி போதவில்லையா, இரும்பு ஆறிப்போய் ஊற்றினோமா என்பது மற்றவர்களைவிட முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். முந்தைய தலைமுறையில் அந்த இடத்தில் நின்ற ஆள் சூப்பர்வைசரிடம் தமிழில் சண்டை போட்டிருப்பார், கேட்காவிட்டால் பக்கத்து சந்தில் போய்த் தனியாக அடுப்பு மூட்டியிருப்பார். இந்தப் பையனுக்குச் சண்டை போட மொழி இல்லை. தனியாகப் போட ஜாமீன் நிற்க ஆளும் இங்கே இல்லை. சத்தி ரோட்டில் பஸ் கணபதியைத் தாண்டும்போது ஷிப்ட் விட்டு மூன்று நான்கு பேராக ரோட்டோரம் நடந்துபோவதைப் பார்க்கலாம், போனில் ஊருக்குப் பேசிக்கொண்டே.